முள் காட்டிய சூடு

கறுப்புப் பவுடர் படிந்த புருவத்தோடு எப்போதும் என் கண்ணில் நிற்கிற அப்பாவுக்கு,

நீங்கள் போன பிறகு நான் உங்களோடு பேசவே இல்லை. அம்மாதான் உங்கள் படத்துக்கு முன்னால் நின்று எல்லாவற்றையும் சொல்கிறாள். நான் பக்கத்தில் நின்று கேட்பதோடு சரி. உங்களுக்குத்தான் தெரியுமே, எதிரில் ஆள் இருந்தால் என் தொண்டை அடைத்துக்கொள்ளும். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டபோது, டீச்சர் கேட்டதற்குக்கூடப் பதில் சொல்லாமல் வந்தவள் நான். எழுதினால் கொஞ்சம் வருகிறது.

அப்பா, ஓவனை விற்றுவிட்டோம்.

பவுடர் பெயின்ட் அடித்த இரும்பைச் சுட்டெடுக்க, பழைய பீரோத் தகடுகளை வெல்டிங் வைத்து நீங்களே கட்டிய ஓவன். இன்றைக்கு அது இருந்த இடத்தில் தரை மட்டும் கறுப்பாகச் சதுரமாகக் கிடக்கிறது. திங்கட்கிழமையிலிருந்து தீப்பெட்டி ஆபீஸ் வேன் என்னை வேலைக்கு ஏற்றிக்கொள்ள வரும். அம்மா அங்கே பேசிவிட்டாள்.

நீங்கள் இருக்கும்போதே வேலை குறைந்துகொண்டுதான் வந்தது. பிறகு வாசல் கேட்டும் ஜன்னல் கம்பியும் வருவது சுத்தமாக நின்றுபோயின. சித்தப்பா கோவில்பட்டிக்குள் கடை கடையாக ஏறி இறங்கினார். சைக்கிள் பிரேம் ஒன்றிரண்டு வரும். அதுவும் தெரிந்தவர்கள் இரக்கப்பட்டுக் கொடுத்தது.

அப்போதுதான் மதுரையிலிருந்து ஒருவர் வந்தார். கார் கம்பெனிகளுக்குச் சாமான் செய்து கொடுக்கும் காண்ட்ராக்டரிடம் வேலை பார்க்கிறவர். காரின் பக்கக் கண்ணாடிக்கு முதுகில் ஒரு ஓடு இருக்குமே, அதை அட்டைப்பெட்டிகளில் கொண்டுவந்து இறக்கினார். எல்லாம் பிளாஸ்டிக். நன்றாக வந்தால் மாதம் தவறாமல் வேலை தருவதாகச் சொன்னார்.

"இரும்புக்கு அடிக்கிறவங்களுக்கு இது வருமா?" என்று சித்தப்பாவிடம் கேட்டார்.

"எங்க அண்ணன் கட்டுன ஓவன் சார். கோழிமுட்டைய வச்சாலும் பவுடர் ஏறும்" என்றார் சித்தப்பா. உங்களைப் போலவே சொன்னார். அம்மா அன்றைக்குச் சிரித்தாள்.

இரும்பு என்றால் பவுடர் அடிக்கிற கன்னைத் தூக்கியதும் பவுடர் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக்கில் கரண்ட் ஓடாதல்லவா, அடித்த பவுடர் அப்படியே உதிர்ந்துவிடும். அதற்காக அவர் ஒரு மருந்து கொடுத்தார். அதை முதலில் பூசிக் காயவைக்க வேண்டும். குறைந்த சூட்டிலேயே உருகுகிற பவுடரும் அவரே கொடுத்தார். "நூத்தி முப்பதைத் தாண்டவே கூடாது, தாண்டினா ஓடு நெளிஞ்சிரும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

நான் ஒவ்வொரு ஓட்டையும் துடைத்து மருந்து பூசினேன். சித்தப்பா பவுடர் அடித்தார். அம்மா ஓவன் கதவில் திருநீறு பூசினாள். உள்ளே தொங்கவிட்டுக் கதவைச் சாத்தியதும், சித்தப்பா வாளியைக் கவிழ்த்துப் போட்டு, சூடு காட்டுகிற மீட்டருக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்கவே இல்லை. டீக்குக்கூடப் போகவில்லை. முள் நூற்று முப்பதுக்குக் கீழேயே நின்றது. நானும் பார்த்தேன் அப்பா.

கதவைத் திறந்தால் கொக்கியில் ஓடுகள் இல்லை. கத்தரிக்காய் வத்தல் மாதிரி என்னமோ சுருங்கித் தொங்கியது.

மறுநாள் வருவதாகச் சொல்லியிருந்த மதுரைக்காரர் அன்றைக்கே வந்துவிட்டார். ஒன்றைக் கையில் எடுத்து வளைத்துப் பார்த்தார். திட்டவில்லை. மிச்சப் பெட்டிகளை வண்டியில் ஏற்றச் சொன்னார். அவ்வளவுதான்.

அம்மாவுக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்தது என்று தெரியவில்லை. "ஒங்க அண்ணன் கையில ஒரு சாமான் கெட்டுப் பாத்திருக்கீங்களா தம்பி? அங்கன இங்கன போயிருப்பீங்க, இல்லன்னா தூங்கிருப்பீங்க."

"முள்ளு ஏறவே இல்ல மைனி. கனிட்ட கேளுங்க."

"ஆமாம்மா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அம்மா திரும்பிப் பார்க்கவும் இல்லை.

மறுநாள் காலையில் சித்தப்பாவே வந்து, "எம்மேலதான் தப்பு மைனி. அசந்துட்டேன்" என்றார். அவர் இமைகூடத் தட்டாமல் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேனே. சண்டைக்குப் பயந்து சொல்கிறார் என்றுதான் நினைத்தேன்.

அன்றிலிருந்து அம்மா அவருக்குச் சோற்றைத் தட்டில் போட்டு வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள். வேண்டுமா போதுமா என்று கேட்பதில்லை. தண்ணீர்க் குழாயடியில் நிற்கிறவர்களிடமெல்லாம் தூங்கியே தொழிலைக் கெடுத்தவன் என்று சொல்லிவிட்டாள். டீக்கடையில் ஒரு ஆள், "ஏலே, இவனுக்கு ரெண்டு டீயாப் போடு, ஒண்ணு முழிக்கதுக்கு" என்றாராம். சித்தப்பாவும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்திருக்கிறார். நாளைக்குக் காலை பஸ்ஸில் அவர் கோயம்புத்தூருக்குப் போகிறார். யாரோ ஒருவர் பட்டறையில் வேலையாம்.

ஓவனை வாங்க வந்தவர் கயத்தாறு அண்ணாச்சி ஒருவர். சித்தப்பா வெளியே போயிருந்தார், அம்மா டீ போட உள்ளே போனாள். அவர் பற்றவைக்கச் சொன்னார், பற்றவைத்தேன். சூடு பார்க்கிற கருவி ஒன்றை அவரே கொண்டுவந்திருந்தார். அதன் கம்பியை ஓவனுக்குள் விட்டார்.

"ஏ பாப்பா, ஒங்க முள்ளு எவ்வளவு காட்டுது?"

"நூத்தி இருவது."

அவர் சத்தமாகச் சிரித்தார். "உள்ள நூத்தம்பத்தஞ்சு இருக்கு! ஒங்கய்யா வயர எங்கன வச்சிருக்காருன்னு வந்து பாரு."

பார்த்தேன். சூட்டை அறிந்து மீட்டருக்குச் சொல்கிற அந்த வயரின் முனை, சாமான் தொங்குகிற மேல்பக்கத்தில் இல்லை. கதவிடுக்கில், வெளிக்காற்று நுழைகிற மூலையில், தரையோடு கட்டியிருந்தது. கட்டுக்கம்பி முறுக்கு உங்கள் முறுக்கு. நீங்கள் இடது பக்கமாகத்தான் முறுக்குவீர்கள்.

"கொக்கி இடிக்குதுன்னு எறக்கிக் கட்டிருப்பாரு. நெறையப் பேரு செய்யுத வேலதான். இரும்பு தாங்கிக்கிடும், சோறு லேசாக் குழைஞ்ச மாதிரி. வேற எதையும் வச்சா அம்புட்டும் காலி" என்றார். எங்களுக்கு என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது. டீ வந்ததும் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

எனக்கு அப்போது பழைய பேச்சு ஒன்று ஞாபகம் வந்தது. வெள்ளை நிறம் கேட்டால் சந்தன நிறத்தில் வருகிறதே என்று ஆட்கள் குறைப்படுவார்கள். "கரிசக்காட்டு வெயில்ல எதுய்யா வெள்ளையா இருக்கு?" என்று நீங்கள் கேட்பீர்கள். அவர்களும் சிரித்துவிட்டுத் தூக்கிக்கொண்டு போவார்கள். கூடுதல் சூட்டில்தான் வெள்ளை இப்படி மஞ்சளாகப் பழுக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா அப்பா? தெரிந்துதான் சிரிக்க வைத்தீர்களா? இல்லை, நீங்களும் அந்த முள்ளை நம்பிக்கொண்டுதான் இருந்தீர்களா? இதை யாரிடம் போய்க் கேட்பேன்?

இன்று சாயங்காலம் ஓவனை மினி லாரியில் ஏற்றினார்கள். கயிறு கட்டிக்கொண்டிருந்த சித்தப்பாவின் பக்கத்தில் போய் நின்று மெதுவாகச் சொன்னேன். அவர் கயிற்றை விடவில்லை.

"தெரியும்ட்டி. அன்னைக்கு ராத்திரியே கதவுக்குப் பின்னால கையவிட்டுப் பாத்துட்டேன்."

"பெறகு ஏன் சித்தப்பா அசந்துட்டேன்னு சொன்னீங்க?"

"ஒங்கம்மாவுக்கு மிச்சம் இருக்கது ஒண்ணே ஒண்ணுதான், எம் புருசன் கை தப்பாதுன்னு. அதையும் லாரியில ஏத்தச் சொல்லுதியா?" முடிச்சை இழுத்துக் கட்டிவிட்டு, "நான் தனிக்கட்ட. போற ஊருல என்னைய யாருக்குத் தெரியும்? நீ வாயத் தொறக்காத. ஒனக்கு அது கஷ்டமா என்ன?" என்று சிரித்தார். கேலிதான். ஆனால் அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

லாரி கிளம்பும்போது அம்மா வாசலில் நின்று அழுதாள். உங்களையே ஏற்றி அனுப்புவது மாதிரி அழுதாள். மிச்சக் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் நின்ற சித்தப்பாவிடம், "நல்லாயிருங்க" என்றாள். வாழ்த்துகிற மாதிரி இல்லை அது.

சித்தப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சொல்லி என்ன ஆகப்போகிறது? ஓவன் திரும்பாது. மதுரைக்காரர் திரும்ப மாட்டார். பட்டறைக்கு வேறு வேலை எதுவும் வழியில் இல்லை. சித்தப்பாவும் பஸ் ஏறத்தான் போகிறார், இங்கே இருந்தால் அவருக்குச் சோறு ஏது? அம்மா என்னை நம்பாமல் போகலாம். நம்பினால் இன்னும் மோசம், அவள் உடைந்து போவாள். எந்தப் பக்கம் யோசித்தாலும் ஒரு நல்லதும் தெரியவில்லை.

ஆனாலும் ஒன்று மனதை அறுக்கிறது. செத்தவர் மேல் பழி சொல்லக் கூடாது என்பார்கள். உயிரோடு இருக்கிறவர் மேல் மட்டும் போடலாமா? நீங்கள் செய்தது பெரிய குற்றம் இல்லை, கொக்கி இடித்தது, கீழே இறக்கிக் கட்டினீர்கள். நீங்கள் இருந்திருந்தால், "அட, நாந்தாம்ல அத எறக்குனேன்" என்று தலையில் அடித்துக்கொண்டு சித்தப்பாவைக் கட்டிப்பிடித்திருப்பீர்கள். அப்படித்தானே அப்பா? அப்படித்தான் என்று வைத்துக்கொள்கிறேன். எனக்கு வேறு வழியில்லை.

காலையில் சித்தப்பா பையைத் தூக்குவதற்குள் அம்மாவிடம் சொல்லிவிடுவேன். உங்கள் பெயரையும் சேர்த்தே சொல்வேன், மறைத்துச் சொல்லத் தெரியாது. அவர் கண்ணைக் காட்டினாலும் நிறுத்த மாட்டேன். தொண்டை அடைத்தால் அடைத்த குரலிலேயே சொல்லி முடிப்பேன். இது உங்கள் மேல் சத்தியம்.

உங்கள் மகள்,
உங்கள் தம்பிக்கும் மகள்,
கனி