சொந்தக்காரர் என்று எழுத மாட்டேன்

ஆவணி 12, வெள்ளி.

போன வாரம் கண்டனூர்க் கல்யாணத்துக்கு வாடகைக்கு ஆள் ஏற்றிப் போனபோது என் கார் சுவரில் மோதியது. யாருக்கும் அடியில்லை, முன்பக்கம்தான் நொறுங்கிவிட்டது. சொந்த உபயோகத்துக்கு எடுத்த இன்சூரன்ஸ் வாடகை ஓட்டத்துக்குச் செல்லாதாம். இன்றுதான் சொன்னார்கள்.

"வந்தவுக நம்ம சொந்தக்காரவுகன்னு எழுது. யாரு வந்து கேக்கப்போறாக?" என்றார் என் வீட்டுக்காரர்.

அவர்களில் ஒருவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. கிளெய்ம் ஃபாரத்தில் வாடகை என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ரிப்பேர் என் தலையில்தான். அவர் சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

திங்கட்கிழமை ஆர்.டி.ஓ. ஆபீசில் மஞ்சள் போர்டுக்கு மாற்ற எழுதிக் கொடுக்கப் போகிறேன். "பொம்பள டாக்சி ஓட்டப்போறியா?" என்று வீட்டுக்காரர் கேட்பார்.

மூன்று வருஷமாகக் கல்யாண வீடுகளுக்கு வேறு என்னத்தை ஓட்டினேனாம்.