யார் சொல்வது நடக்கிறது?

மார்ச் 4
கடனைத் தீர்க்க அவகாசம் கேட்டு நான் போட்ட மனுவை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. எங்கள் சைக்கிள் இருக்கைக் கம்பெனிக்கு அவகாசம் கிடைத்திருக்கிறது. கடன்காரர் யாரும் இப்போதைக்கு எதையும் தொடக் கூடாது. நல்ல திட்டம் கொடுத்தால் பிழைத்துக்கொள்ளலாம். இன்றாவது தூக்கம் வரும்.

மார்ச் 7
இங்கே உறை தைக்கிறோம். நாட்டு எல்லைக்கு அந்தப் பக்கம், அண்ணன் பார்த்துக்கொள்ளும் எங்கள் பட்டறையில் நுரை வார்க்கிறார்கள். அச்சுகள் எல்லாம் அங்கேதான். இன்று அந்தப் பட்டறைக்குச் சீல் வைத்துவிட்டார்களாம். காரணம் யார்? அண்ணனே! கம்பெனியை மூடச் சொல்லி மனு போட்டிருக்கிறார். நான் இங்கே போட்ட அதே வாரம். கூடப் பிறந்தவரே இப்படி —

மார்ச் 8
ஃபோனில் கத்தினேன். "என்னண்ணா பண்ணி வச்சிருக்கீங்க?"

"இங்க சட்டம் அப்படிம்மா. கடன் கட்ட முடியலைன்னு தெரிஞ்சதும் மூடச் சொல்லி மனு போடணும். இல்லன்னா என்னை உள்ள தள்ளிடுவாங்க. நீ போட்டதை என்கிட்ட சொன்னியா?"

"நீங்க சொன்னீங்களா?"

அந்தப் பக்கம் அவர் பாடு, இந்தப் பக்கம் என் பாடு. அதனால்தான் எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை என்று பெருமை வேறு அடித்துக்கொள்வேன்.

மார்ச் 12
நாங்கள் இருவரும் செய்தது சட்டப்படி சரிதானாம். அப்புறம் எப்படி இரண்டும் சேர்ந்து இந்த லட்சணம்? ஒரே கம்பெனிக்கு இங்கே வைத்தியம், அங்கே அடக்கம்.

எங்கள் வக்கீலம்மா சொன்னார்: "ரெண்டு நாடும் ஒரு பொது விதியை ஏத்துக்கிட்டிருக்கு. எது தலைமை இடமோ, அந்தக் கோர்ட் சொல்றதை மத்தது கேக்கும்."

முடிவெடுப்பவர் இருக்கும் இடமே தலைமை இடம். இங்கே என்றால் பிழைப்போம். அங்கே என்றால் மூடல்.

மார்ச் 20
கெடுத்துவிட்டேன்.

முடிவெடுப்பது யார் என்று அங்குள்ள நீதிபதி வீடியோவில் கேட்டார். அதே திரையில் அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "அண்ணன்தாங்க எல்லாம்" என்றேன். பெரியவரை வைத்துக்கொண்டு வேறென்ன சொல்வது? வக்கீலம்மா கண்ணை மூடிக்கொண்டார். தையல் பகுதியில் அத்தனை பேர் வயிற்றில் அடித்துவிட்டேனே, பாவி.

ஆனால் நான் சொன்னது உண்மையா, பொய்யா? அண்ணன் வாராவாரம் கேட்பார், "என்னம்மா பண்ணலாம்?" நான் "உங்க இஷ்டம்ணா" என்பேன். நான் ஏதாவது ஒரு யோசனையை முனகும்வரை அவர் ஃபோனை வைக்க மாட்டார். அப்படியானால் முடிவு யாருடையது? எனக்கே புரியவில்லை.

மார்ச் 21
அண்ணனின் முறை. "அவளைக் கேக்காம ஒரு ஆணிகூட வாங்கினதில்லைங்க. மரியாதைக்கு என்னைச் சொல்றா."

பட்டறை மேலாளரையும் விசாரித்தார்கள். "எதைக் கேட்டாலும் தங்கச்சியைக் கேட்டுட்டுச் சொல்றேன்னுதான் சொல்வாருங்க" என்றார். நீதிபதியே சிரித்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது.

ஏப்ரல் 3
தலைமை இடம் இங்கேதானாம். அங்கே மூடும் வழக்கை நிறுத்தி வைத்துவிட்டார்கள். திட்டத்துக்குக் கடன்காரர்கள் தலையாட்டுவார்களா? தெரியாது.

ஏப்ரல் 9
சீலை எடுத்துவிட்டார்கள். அண்ணன் ஃபோன் செய்தார். "முதல்ல எந்த அச்சை மெஷின்ல ஏத்தட்டும்?"

"உங்க —" என்று ஆரம்பித்தேன். அப்புறம், "சின்னப் பசங்க சைக்கிளுக்கு உள்ளதுண்ணா" என்றேன்.

"சரிம்மா" என்று உடனே வைத்துவிட்டார்.