எல்லையில நிக்கிற நட்சத்திரம்

ஜூன் 4

என் கண்ணு குட்டிக்கு,

அத்தை எழுதறேன். கடவுள் புண்ணியத்துல இங்க எல்லாரும் சௌக்கியம். போன்ல பேசினா "ம்... ம்..."னுட்டு வெச்சிடற, அதான் காகிதத்தை எடுத்தேன்.

நீ அனுப்பின படம் வந்துச்சுடி. சங்கு மாதிரி சுழிச்சுக்கிட்டு என்ன அழகு! வானத்தைப் போட்டோ பிடிச்சிருக்கேன்னு நினைச்சு, சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டி விளக்கேத்தினேன். பிரார்த்தனைக்கு வர்ற பொம்பளைங்ககிட்ட எல்லாம் "என் தம்பி மக கண்டுபிடிச்சது, தொட்டுக் கும்பிடுங்க"ன்னேன். நேத்துதான் பின்பக்கம் திருப்பினேன். "நாங்க ரெண்டு பேரும் கம்ப்யூட்டர்ல உருவாக்கின கேலக்ஸி"ன்னு எழுதியிருக்க. அடிப்பாவி! தூக்கிவாரிப் போட்டுடுச்சு. ஆண்டவன் வேலையில நீயும் மாப்பிள்ளையும் எதுக்குக் கை வைக்கிறீங்க? பாவமில்லையா? உடனே பதில் போடு, இல்லேன்னா எனக்குச் சோறு இறங்காது.

உன் அத்தை

ஜூன் 15

அன்புள்ள அத்தைக்கு,

தொட்டுக் கும்பிட்டாங்களா! ரொம்ப நாள் கழிச்சு சிரிச்சேன். நாங்க எதையும் படைக்கலை அத்தை. ஆதியில இருந்த வாயுவையும், ஒண்ணை ஒண்ணு இழுக்கிற விதியையும் கணக்காக் கொடுத்து, கோடிக்கணக்கான வருஷத்தை வேகமா ஓட்டிப் பாக்கறோம். நட்சத்திரக் கூட்டம் எப்படி உருவாகி வளர்ந்துச்சுன்னு தெரிஞ்சுக்கத்தான். எங்களோடது நிஜ வானத்துல இருக்கறது மாதிரியே வந்துச்சு. அதனாலதான் அந்தப் படத்துக்கு அவ்வளவு நல்ல பேரு.

இப்போ உங்ககிட்ட மட்டும் ஒண்ணு சொல்றேன். அவ்வளவு கணக்கையும் ஒரு கம்ப்யூட்டர் தாங்காது. வானத்தைக் கட்டம் கட்டமா வெட்டி நிறைய கம்ப்யூட்டருக்குப் பிரிச்சுக் கொடுப்போம். பெரிய நட்சத்திரம் சாகும்போது வெடிச்சு, சுத்தி இருக்கற வாயுவைத் தள்ளிவிடும். ரெண்டு கட்டத்துக்கு நடுவுல, எல்லையில நிக்கிற ஒவ்வொரு நட்சத்திரத்தையும் இந்தக் கம்ப்யூட்டரும் வெடிக்க வெச்சிருக்கு, பக்கத்துல இருக்கறதும் வெடிக்க வெச்சிருக்கு. செத்தது ஒண்ணு, வெடிச்சது ரெண்டு! அதைச் சரி பண்ணித் திரும்ப ஓட்டினேன். சுழியெல்லாம் காணாமப் போய், மாவு உருண்டை மாதிரி வந்து நிக்குது.

புரோகிராம்ல அந்தப் பகுதியை எழுதினது உங்க மாப்பிள்ளைதான். "எப்படிக் கவனிக்காம விட்டேன்"னு தலையில கை வெச்சுக்கிட்டு உக்காந்துட்டார். அடுத்த மாசம் அவரோட வேலையை நிரந்தரம் பண்றாங்க. அதுவும் இந்தப் படத்தை நம்பித்தான்.

குட்டி

ஜூன் 23

குட்டிக்கு,

இதென்னடி கூத்து! ஒரே பானையில ரெண்டு பேர் உப்பைப் போட்டு, அது ருசியா வேற அமைஞ்சு, ஊரே பாராட்டின கதையால்ல இருக்கு!

சொல்றதைக் கேளு. எங்கேயோ ஒரு நட்சத்திரம் ரெண்டு தடவை வெடிச்சா எவன் வந்து கேக்கப் போறான்? வாயை மூடிக்கிட்டு இரு. மாப்பிள்ளை பிழைப்புல மண்ணைப் போடாதே. நான் பொய் சொல்லச் சொல்லலை, சாமி சத்தியமா இல்லை. சும்மா இருன்னுதான் சொல்றேன். படத்தை இன்னும் கழட்டலை. கழட்டினா பொம்பளைங்க என்ன ஏதுன்னு துளைச்சு எடுத்துடுவாங்க.

உன் அத்தை

ஜூலை 2

அத்தை,

கோவிச்சுக்காதீங்க, என்னால சும்மா இருக்க முடியலை. அந்தப் படத்தை நம்பி எத்தனையோ பேர் அவங்கவங்க ஆராய்ச்சியைக் கட்டிக்கிட்டு இருக்காங்க. தப்பு நடந்துபோச்சுன்னு மாசக் கடைசியில, படம் வந்த ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு எழுதப்போறேன். அந்தப் பகுதியை நான்தான் எழுதினேன்னு என் பேரையே போட்டுக்கறேன். அவர் தெரியாமப் பண்ணதுக்கு அவர் வேலை ஏன் போகணும்? முதல்ல வேண்டாம்னார். அப்புறம் விட்டுட்டார்.

குட்டி

ஜூலை 12

என் தங்கமே,

போன்ல சொல்லலாம்னா மாப்பிள்ளை கேக்கற தூரத்துல உக்காந்திருக்கார்.

ஆமாண்டி, இங்கதான் வந்திருக்கார். "வேலை நிரந்தரமாகற வரைக்கும் அவளைப் பொறுத்துக்கச் சொல்லுங்க அத்தை, நீங்க சொன்னா கேப்பா"ன்னார். கண்ணெல்லாம் கலங்கியிருந்துச்சு. எனக்கும் மனசு இளகிப் போய், "விடுங்க மாப்பிள்ளை, தெரியாமப் பண்ண தப்புதானே"ன்னேன்.

தலையைக் குனிஞ்சுக்கிட்டார். "தெரியும் அத்தை"ன்னார்.

எனக்குப் புரியலை. "என்ன தெரியும்?"னேன்.

"படம் வெளியில வர்றதுக்கு முன்னாடியே தெரியும். சரி பண்ணி ஓட்டினேன். உருண்டையா வந்துச்சு. பழையபடியே விட்டுட்டேன்."

கையில இருந்த டம்ளர் நழுவி விழுந்துடுச்சு. காபி மொத்தமும் அவர் சட்டையில. துடைக்கக்கூடத் தோணலை எனக்கு. "அப்போ அவ பழியைத் தன் தலையில போட்டுக்கறாளே?"ன்னேன். "அவளாத்தான் ஒத்துக்கிட்டா, நான் கேக்கலையே"ன்னார். அதைச் சொல்லும்போது குரல்ல ஒரு நடுக்கம் இல்லைடி. படத்தைப் பத்திச் சொன்னதைவிட, என்னால தாங்க முடியாதது இதுதான்.

சும்மா இருன்னு போன கடிதாசுல எழுதினேனே, அதைக் கிழிச்சுப் போடு. இதைச் சொன்னா உன் குடும்பம் என்ன ஆகும்னு கடவுளைக் கேட்டேன். அவர் ஒண்ணும் சொல்லலை. அதனால நானே சொல்லிட்டேன்.

உன்னைப் பொறுத்துக்கச் சொல்லித்தான் எழுதறேன்னு அவர் நினைச்சுக்கிட்டிருக்கார். "கொடுங்க அத்தை, போற வழியில தபால்ல போட்டுடறேன்"னு ரெண்டு தடவை கேட்டுட்டார். வேண்டாம்னுட்டேன். இதை ஒட்டி எடுத்துக்கிட்டு நானே தபாலாபீசுக்குப் போறேன்.

அந்தத் தப்புக்கு உன் பேரைப் போடாதே கண்ணு. வீட்டை விட்டு வரணும்னு தோணினா, கேக்காம வா. கதவு திறந்துதான் இருக்கும்.

அத்தை