தொப்புள் தட்டையான குண்டு

மார்ச் 8, சனி

காலை முழுவதும் கொட்டகையில் குண்டு ஊற்றினேன். மழை விட்டிருந்ததால் இரண்டு கதவுகளையும் திறந்து வைக்க முடிந்தது. ஈயப் புகையோடு கதவை மூடிக்கொண்டு வேலை செய்யும் துணிச்சல் எனக்கில்லை. தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் இத்தனை வருடமாக ஈயத்தைத் தேடுவதுதான் என் பிழைப்பு.

அச்சு சூடாகும்வரை வந்தவை எல்லாம் சுருக்கம் விழுந்தவை. திரும்பச் சட்டிக்குள் போட்டேன். பிறகு ஒழுங்காக வந்தன: பட்டாணி அளவில், வெள்ளிப் பளபளப்போடு, மடித்துப் போட்ட பழைய ஜீன்ஸ் மேல் சத்தமில்லாமல் விழுந்தன. ஈயம் உள்ளே போன இடத்தில் ஒவ்வொன்றிலும் ஒரு சிறு தழும்பு இருக்கும். நான் அதைத் தொப்புள் என்பேன். மிஞ்சிய ஈயத்தைச் சீவும் என் அச்சின் வெட்டுத்தகடு ஒரு பக்கம் தேய்ந்திருப்பதால், என் குண்டின் தொப்புளில் மயிரிழை போல ஒரு விளிம்பு நிற்கும். என் கணவன் டாரல் அதை மேலே பார்க்க வைத்துத்தான் துணியோடு சேர்த்துத் துப்பாக்கியின் வாயில் அழுத்துவான்.

நான் சுடுவதில்லை. நான் ஊற்றுவேன், அவன் சுடுவான். கல்யாணமான வருடம், வாய்வழியே மருந்தும் குண்டும் திணிக்கும் அந்தப் பழங்கால மாதிரித் துப்பாக்கியை வாங்கினோம். செய்தவரே அதன் குழலுக்கென்று வெட்டிக் கொடுத்த அச்சு இது. எங்களுக்குப் பிள்ளை இல்லை, பேசிக்கொள்ளவும் அதிகம் இல்லை. ஆனால் சனிக்கிழமை இருக்கிறது.

மார்ச் 15, சனி

இன்றைய சுடும் போட்டியில் டாரல் ஜெயித்தான்! கரி பூசிய பலகையில் போட்ட குறுக்குக் கோடுகளின் நடுவிலேயே குண்டு. பரிசு ஒரு முழு பேக்கன் பாளம், உப்பிட்ட பன்றிக்கறி. அதைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான், புதிதாகப் பிறந்த குழந்தையைத் தூக்கி வருவதுபோல.

"எல்லாம் உன் குண்டு," என்றேன், வேடிக்கைக்கு. ஜெயித்தால் அவன் என்னிடம் வழக்கமாகச் சொல்வது அது; இன்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். அவன் சிரித்தான்.

மாலையில் அவனுடைய தோல்பையைத் துடைக்கக் கவிழ்த்தேன். மீந்த குண்டுகள் மேசையில் உருண்டன. ஒன்றை எடுத்துத் திருப்பினேன். தொப்புள் தட்டை. இன்னொன்று, அதுவும் தட்டை. விளிம்பே இல்லை. சுத்தமாகச் சீவியதுபோல.

என்னுடையவை இல்லை.

மார்ச் 16

பேக்கன் வறுத்தேன். எனக்குப் பசியில்லை என்றேன்.

மார்ச் 19, புதன்

எட்டாம் தேதி ஊற்றிய பெட்டியைப் பார்த்தேன். நிறைந்தே இருக்கிறது. எடுத்துப்போகிறான், அப்படியே திருப்பிக் கொண்டுவருகிறான்.

"குண்டெல்லாம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன், பீன்ஸ் பரிமாறிக்கொண்டே.

"நல்லா இருந்துச்சு ரோண்டா."

பொய். சோள ரொட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். வேறொருத்தி சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு வந்து என் தட்டையும் காலி செய்தால்கூட இவ்வளவு வலிக்காது. நான் படித்தவள். எட்டு மில்லிமீட்டர் ஈயத்துக்காக நான் ஏன் இப்படி ஆகிறேன்?

மார்ச் 23, ஞாயிறு

சுடும் பயிற்சிக்கு நானும் போனேன். குளிர்காலத்தில் கென்டக்கியிலிருந்து குடிவந்த ட்விலா அங்கே இருந்தாள். பெரிய சிரிப்பு, ஆண்கள் மாதிரி பூட்ஸ், எங்களுடையதைப் போலவே குழலில் சிறிய துளை கொண்ட துப்பாக்கி. என்னைப் பார்க்காமல் டாரலிடம் போனாள். பையில் கைவிட்டு, குண்டுகளை அள்ளி, அவன் உள்ளங்கையில் கொட்டினாள். அவனும் கையைக் குவித்து வாங்கிக்கொண்டான், கோழிக்குத் தீனி வாங்குகிற மாதிரி.

அப்புறம்தான் என்னைப் பார்த்தாள். "அட, ரோண்டா! என்ன கண்ணு, புருஷனுக்குக் காவலா?"

எல்லோரும் சிரித்தார்கள். டாரலின் காது சிவந்தது. காபி ஊற்றிக் கொடுத்தேன், அவளுக்கும். ஒரு சொட்டும் சிந்தாமல் ஊற்றியதில் எனக்கு ஒரு கேவலமான பெருமை.

நல்ல பற்கள் அவளுக்கு.

ஏப்ரல் 5, சனி

அழுதுகொண்டிருப்பதைவிட அளந்து பார்ப்பது மேல்.

அவன் கடைக்குப் போயிருந்தபோது அவள் குண்டையும் என் குண்டையும் நுண்ணளவியில் வைத்தேன். அவளுடையது ஒரு தலைமுடி அளவு பெரிது. அவ்வளவுதான் வித்தியாசம். பிறகு மருந்தில்லாத துப்பாக்கியைச் சுவரிலிருந்து இறக்கி, வழக்கமான துணியில் என் குண்டை வைத்து அழுத்தினேன். தட்டித்தான் உள்ளே இறக்க வேண்டும் — எப்போதும் அப்படித்தான். இன்று கட்டைவிரலிலேயே வழுக்கிக்கொண்டு போனது.

குழல் பெரிதாகியிருக்கிறது. இரும்பு தானாக வளராது.

ஏப்ரல் 6, ஞாயிறு

கேட்டேன். டாரலிடம் சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

ஜனவரியில் நான் நாஷ்வில்லுக்குப் பயிற்சி வகுப்புக்குப் போயிருந்த வாரம், துப்பாக்கி வேலை செய்யும் எல்டனிடம் அதைக் கொடுத்திருக்கிறான். குழலுக்குள் குண்டைச் சுழற்றிவிடும் வரிகள் தேய்ந்துவிட்டனவாம். புதிதாக வெட்டினால் துளை அகன்றுவிடும். அகன்றது.

"தடிச்ச துணி போட்டா சரியாயிருக்குமே."

"போட்டுப் பாத்தேன். கிழியுது."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ அந்த அச்சை எப்படி வச்சிருக்கேன்னு எனக்குத் தெரியாதா? வருத்தப்படுவே."

"ட்விலாவுக்குத் தெரியுமா? துளையை வெட்டுனது?"

எழுந்துபோய்க் காலித் தட்டைக் கழுவ ஆரம்பித்தான். அப்படியானால் தெரியும்.

அவள் குண்டு கொடுத்தது இப்போது பெரிதாகத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை — இதுதான் உறுத்துகிறது. அவன் எதையோ என்னிடமிருந்து மறைத்து அவளிடம் கொண்டுபோய் வைத்திருக்கிறான். நான் இங்கே முட்டாள் மாதிரி உருகிய ஈயத்தில் மெழுகு போட்டு, கசடு அள்ளி, உபயோகமில்லாத குண்டுகளை ஊற்றிக்கிட்டு... அதையும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தான்! ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, பாவி!

ஏப்ரல் 8

சமாதானமாகப் பேசுகிறான். அச்சையும் எல்டனிடம் கொடுத்தால் உள்பக்கத்தைக் கொஞ்சம் கடைந்து பெரிதாக்கிவிடுவானாம். "எல்லாம் பழையபடி ஆயிடும்."

அச்சைத் தொடாதே என்றேன்.

ஏப்ரல் 19, சனி

எல்டனின் பட்டறைக்கு நானே போனேன். அச்சை மேசையில் வைத்தேன். "இதுக்குப் பொருந்துற மாதிரி எனக்கு ஒரு துப்பாக்கி வேணும்."

எல்டன் கண்ணாடியைக் கழற்றினான். "துப்பாக்கிக்கு அச்சு வெட்டுவாங்க. அச்சுக்குத் துப்பாக்கியா? நீ என்னம்மா, தொப்பியை வாங்கிட்டுத் தலை தேடறே."

"செய்ய முடியுமா, முடியாதா?"

"முடியும். கோடை முடியட்டும்."

டாரலிடம் சொன்னேன். "உனக்குத்தான் சத்தம் பிடிக்காதே," என்றான்.

"அப்படின்னு நீ சொன்னே. நான் மறுக்கல, அவ்வளவுதான்."

ஜூன் 14, சனி

ட்விலா வந்தாள், வீட்டுக்கே. வாசற்படியில் நின்றபடி, "இனி உன் புருஷனுக்கு ஒரு குண்டு கூடக் கிடையாது," என்றாள். "நீ அந்த அச்சுக்குத் துப்பாக்கி கேட்டதை எல்டன் சொல்லித்தான் விஷயமே தெரிஞ்சது. உனக்கு ஊத்தி ஊத்தி அலுத்துப்போச்சுன்னு டாரல் சொன்னான் கண்ணு. நானும் நம்பிட்டேன்."

அலுத்துப்போச்சா. எனக்கா?

உள்ளே வரச் சொன்னேன். என் பெட்டியைத் திறந்து பார்த்தாள். விரலில் ஒன்றை உருட்டினாள், வெளிச்சத்தில் பிடித்தாள், அந்த விளிம்பை நகத்தால் தடவினாள். "இதையெல்லாம் விட்டுட்டு எங்கிட்ட வந்து கை நீட்டினானா அவன்? மடையன்."

அவளைப் பிடித்துப்போனது எனக்கே எரிச்சலாக இருந்தது. அவளைப் பற்றி யோசித்துவைத்த அத்தனையும் வீண்.

"சுடத் தெரியுமா உனக்கு?" என்றாள்.

"தெரியாது."

"நல்லது. கெட்ட பழக்கம் ஒண்ணும் இருக்காது."

செப்டம்பர் 20, சனி

துப்பாக்கி வந்தது. என் குண்டு, வழக்கமான துணி. வாயில் நின்றது. ஒரு தட்டு தட்டினேன், இறங்கியது.

அக்டோபர் 11, சனி

டாரல் புது அச்சு வாங்கியிருக்கிறான். காலையிலிருந்து கொட்டகையில். நான் கிளம்பும்போது ஒரு குண்டை நீட்டினான், கிழவன் முகம் மாதிரி. "ஏன் இப்படிச் சுருங்குது?"

"அச்சு சூடாகல. விடாம ஊத்து."

வாசலில் ட்விலாவின் வண்டி ஹாரன் அடித்தது. டாரல் கரண்டியோடு வெளியே வந்தான். "எப்ப வருவீங்க?"

"தெரியல."

"அவகிட்ட அப்படி என்னதான் பேசுவே நீ, அவ்வளவு நேரம்?"

"குண்டைப் பத்தி," என்றேன். உண்மைதான், பாதி.

பலகையில் நடுவுக்குப் பக்கத்தில்கூட நான் வரவில்லை. ட்விலா சிரித்து உருண்டாள். நானும் சிரித்தேன், எப்போது இப்படிச் சிரித்தேன் என்று நினைவில்லை.

திரும்பி வந்து ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். "பையைக் குடு, துடைச்சு வைக்கிறேன்," என்றான். ஒருநாளும் செய்யாத வேலை. முதுகைக் காட்டி உட்கார்ந்து பையை மேசையில் கவிழ்த்தான். மீந்த குண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பித் தொப்புளைப் பார்த்தான்.

நான் கவனிக்காதவள்போல மாவைப் பிசைந்தேன்.