என் புனே சம்பளம்

ஹரிஷ்,

தோசை மாவு ஃபிரிட்ஜில் இருக்கிறது. சாமான்களைப் பார்த்து விலை சொல்ல பேக்கர்ஸ் ஆள் பதினொரு மணிக்கு வருவார். உன் டிரெட்மில்லை மறக்காமல் காட்டு. அதில் காயும் சட்டைகளை எடுத்துவிட்டுக் காட்டு.

புனேவுக்குக் குடிபோக நீ போட்ட பட்ஜெட்டைப் படித்தேன். வரவில் என் புனே சம்பளமும் இருக்கிறது. அங்கே எனக்கு வேலை கிடைத்திருப்பது எனக்குத்தான் தெரியவில்லை. எந்தக் கம்பெனி, ஹரிஷ்? சனிக்கிழமை லீவா? இங்கே மல்லேஸ்வரம் ஆபீசில் நான் இன்னும் ராஜினாமாவே கொடுக்கவில்லை. நேற்று அதைச் சொன்னதற்கு, "அதான் நீ எப்படியும் வரப்போறியே" என்று சிரித்தாய்.

தாரணி

பி.கு.: அந்தச் சம்பளத்தை அழித்துவிட்டு ஒருமுறை கூட்டிப் பார். அப்புறமும் நான் வர வேண்டும் என்று தோன்றினால், வாயைத் திறந்து கேள். இதுவரை நீ கேட்கவே இல்லை.