குண்டுப்பொறியும் வெள்ளை விரிப்பும்

அக்டோபர் 14

மேற்கே மலையுச்சி வெளுத்துவிட்டது. இங்கே இன்னும் பனி இறங்கவில்லை.

கொல்லையில் இனி யாரும் துப்பாக்கி சுடக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். ஞாயிறன்று சுட்டவரும் அவர்தான். இலக்குப் பலகைக்குப் பின்னால் இருக்கும் மண்மேட்டில் ஒரு கல் புதைந்திருந்திருக்கிறது. குண்டு அதில் பட்டுத் தெறித்து, வேலிக்கு அந்தப் பக்கம் மிஸஸ் கெஸலின் ஆடுகள் தண்ணீர் குடிக்கும் இரும்புத் தொட்டியைத் துளைத்துவிட்டது. ஆடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்று அப்பா போய் ஓட்டையைப் பற்றவைத்துக் கொடுத்துவிட்டு வந்தார். வந்ததும் துப்பாக்கி அலமாரியைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இத்தன வருஷமா அந்த மேட்டுல சுடறேன். உள்ள கல்லு இருந்தது தெரியல" என்றார், யாரையும் பார்க்காமல்.

மார்ச்சில் இளையோர் துப்பாக்கி சுடும் போட்டி. எங்கள் குழுவின் மைதானம் நாற்பது மைல் தள்ளி. டிசம்பர் வந்தால் பனியில் பாதி நாள் பாதையே இருக்காது. கொல்லையில் சுடாமல் நான் எப்படி—

அக்டோபர் 15

மிஸஸ் கெஸல் தொட்டியை டிராக்டரில் கட்டித் தன் மேய்ச்சல் நிலத்து மேட்டின் உச்சிக்கு இழுத்துப் போய்விட்டார். ஆடுகள் மூச்சு வாங்க ஏறிப்போய்க் குடிக்கின்றன. என் ஜன்னலில் இருந்து நன்றாகத் தெரிகிறது. தெரியாமல் இருந்திருக்கலாம்.

அக்டோபர் 19

நூலகத்தில் இருந்து எடுத்து வந்ததை எல்லாம் படித்தாயிற்று. எனக்குப் புரிந்தது இது: குண்டை நிறுத்தப் பார்க்கக் கூடாது, களைத்துப்போகச் செய்ய வேண்டும். கெட்டியான பொருள் அதைத் திருப்பி எறியும். மெத்தென்ற பொருள் விழுங்கிக்கொள்ளும். ஆகவே ஒரு பெரிய மரப்பெட்டி. முகப்பில் குதிரைக் கொட்டிலில் விரிக்கும் ரப்பர் பாய். உள்ளே நெருக்கமாக டயர்த் துண்டுகள். கடைசியில் சாய்வாக ஓர் இரும்புத் தகடு.

படம் வரைந்து அப்பாவிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"தகடு ஏன் சாய்வா?"

"அது வரைக்கும் ஏதாவது வந்துட்டா கீழ மணல்ல போய் விழட்டும்னு."



"பட்டறைல பனி வாரும் வண்டியோட பழைய தகடு ஒண்ணு கெடக்கு" என்றார். அவ்வளவுதான். எங்கள் அப்பாவின் மொழியில் இது ஒரு பாராட்டுக் கூட்டம்.

நவம்பர் 2

பள்ளி விளையாட்டு மைதானத்தில் தரையில் பரப்பியிருந்த பழைய டயர்த் துண்டுகளை மாற்றுகிறார்கள். எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். வண்டி நிறைய அள்ளி வந்தோம். அக்கா பிரிட்டா கேலி செய்துகொண்டே இருந்தாள். "ஏய் புரொபசர், உன் பொறில எலியாவது விழுமா?" ஆனால் திருகாணி முழுவதையும் முடுக்கியது அவள்தான்.

தகட்டைப் பற்றவைக்கும்போது கடைசிக் கொஞ்சத்தை அப்பா என்னிடம் விட்டார். கோணல். ஆனாலும் கெட்டியாக ஒட்டியிருக்கிறது. உதைத்துப் பார்த்தேன்.

நவம்பர் 9

மிஸஸ் கெஸலை நான்தான் அழைத்து வந்தேன். கையில் ஒரு வெள்ளைப் படுக்கைவிரிப்போடு வந்தார். பெட்டிக்குப் பின்னாலும் இரு பக்கமும் கம்பம் நட்டு அதைச் சுற்றிக் கட்டச் சொன்னார்.

"பாரும்மா இங்கா, இது என் கல்யாண விரிப்பு. இதுல ஒரு ஓட்ட விழுந்தாலும் அன்னியோட சுடறத நிறுத்திடணும். உங்கப்பன் வந்து கெஞ்சினாலும் கேக்க மாட்டேன்."

அப்பா என் கையில் சாவியைத் தந்தார். களஞ்சிய வாசலில் படுத்துச் சுட்டேன். ஒரு பெட்டித் தோட்டா முழுவதும் தீர்ந்தது. மிஸஸ் கெஸல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரிப்பை முழம் முழமாகத் தடவிப் பார்த்தார். ஒன்றுமில்லை.

"இங்கயே தொங்கட்டும். மார்ச்சுல வந்து பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். தொட்டி மேட்டிலேயேதான் இருக்கிறது.

ஆனாலும் என் பெட்டி! அத்தனையையும் விழுங்கிவிட்டது.

டிசம்பர் 20

கடுங்குளிர். தினமும் சுடுகிறேன். பெட்டி முகப்பில் இலக்குத் தாளை மாட்ட அதே ஆணி, அதே இடம். எல்லாக் குண்டுகளும் ஒரே ஓட்டைக்குள் போகின்றன. தீவனக் கடையில் அப்பா யாரிடமோ, "எங்க வீட்ல இருக்கற குண்டுப்பொறி சின்னவ செஞ்சது" என்று சொன்னது என் காதில் விழுந்தது. கேட்காதது போல, மாடுகள் நக்கும் உப்புக்கட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிப்ரவரி 7

விரிப்பில் கிழிசல். இடப்பக்கத்தில், பெட்டிக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஓரத்தில். நகத்தளவுதான்.

எப்படி? எல்லாம் நடுவில்தானே பட்டது. ஒன்றுகூடத் தப்பவில்லையே.

"அவங்க மார்ச்சுலதான வருவாங்க. காத்துல கிழிஞ்சுதுன்னு சொல்லிடு" என்றாள் பிரிட்டா.

காற்று இப்படியா கிழிக்கும்? அப்பா வந்து பார்த்தார். கையை மட்டும் நீட்டினார். சாவியை வைத்தேன்.

பிப்ரவரி 8

கையுறை போட்டுக்கொண்டு பெட்டியைத் திறந்தேன். டயர்த் துண்டுகளை அள்ளி வெளியே போட்டபோது, சரியாக நடுவில், கைக்குக் கெட்டியாக ஏதோ பட்டது. ஈயம். குளிர்காலம் முழுக்க நான் சுட்டதெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உருளைக்கிழங்கு அளவுக்கு ஒரே கட்டியாகி இருந்தது. மெத்தென்ற பெட்டிக்குள் நானே ஒரு கல்லை வளர்த்திருக்கிறேன். புதுக் குண்டு அதில் பட்டுச் சிதறி, வந்த ஓட்டை வழியாகவே ஒரு சில்லு வெளியே தெறித்திருக்கிறது.

விரிப்பையும் கட்டியையும் எடுத்துக்கொண்டு வேலியைத் தாண்டினேன். அம்மா பின்னால் இருந்து, "ஈயம் வெஷம், கைய வாயில வைக்காத" என்று கத்தினாள்.

மிஸஸ் கெஸல் கிழிசலுக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"குறி தப்பிடுச்சா?"

"இல்லங்க. தப்பாததாலதான்."

கட்டியை மேசை மேல் வைத்து நடந்ததைச் சொன்னேன். இனி வாரம் ஒருமுறை துண்டுகளைக் கிளறி ஈயத்தைப் பொறுக்கிவிடுவேன், தாளையும் தினமும் வேறு இடத்தில் மாட்டுவேன், முகப்பில் இன்னொரு பாய் போடுவேன் என்றும் சொன்னேன்.

அவர் கட்டியைக் கையில் ஏந்தி எடை பார்த்தார்.

"உங்கப்பன் சுட்டதெல்லாம் சேக்கணும்னா மண்மேடு முழுக்கத் தேடிப் பொறுக்கணும்" என்றார். பிறகு, "விரிப்ப வெச்சிட்டுப் போ."

சரி என்றாரா, இல்லை என்றாரா?

பிப்ரவரி 10

விரிப்பு எங்கள் வேலி மேல் மடித்துக் கிடந்தது. கிழிசலைச் சிவப்பு நூலால் தைத்திருக்கிறார். அப்பா அதை எடுத்து வந்து, சாவியை அதன் மேல் வைத்து என்னிடம் நீட்டினார்.

மார்ச் 14

போட்டி. நான்காம் இடம். பரிசு மூன்று பேருக்குத்தான். அழவில்லை. இன்னொரு குழுவின் பயிற்சியாளர் என் பொறியைப் பற்றிக் கேட்டார். அப்பா என்னைப் பேச விட்டுவிட்டு ஓரமாக நின்று, அவர் தலையாட்டும்போதெல்லாம் தானும் ஆட்டினார்.

மார்ச் 22

பனி உருகி எங்கும் சேறு. காலையில் டிராக்டர் சத்தம் கேட்டு ஜன்னலைத் திறந்தேன். தொட்டி பழைய இடத்திலேயே, வேலியோரமாக, என் பெட்டிக்கு நேர் பின்னால் இருக்கிறது. ஆடுகள் குடித்துக்கொண்டிருக்கின்றன.

அந்தப் பக்கம் ஆட்டுக் கொட்டில் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க மிஸஸ் கெஸல் கீழே ஏதோ முட்டுக்கொடுத்திருந்தார். தொலைநோக்கியை எடுத்துப் பார்த்தேன். என் ஈயக்கட்டி.