சிவப்பு எழுத்தில் இருந்த பெயர்

இன்று காலை நம் பேப்பரின் மதுரை டெஸ்க்கிலிருந்து வந்த பதிலைத் திறந்ததும் உங்கள் நினைப்பு வந்தது, அக்கா. பட்டாசு லோடு ஏற்றும்போது நடந்த ஒரு விபத்தைப் பற்றி நான் அனுப்பிய செய்தி, வரிக்கு வரி முன்னால் '>' என்ற கூர்க்குறியோடு அதில் திரும்பி வந்திருந்தது. அடியில் ஒரு சின்னக் கேள்வி. கேள்வியில் ஒன்றும் தப்பில்லை. ஆனால் விபத்தைப் பார்த்துச் சொன்ன தொழிலாளியின் பெயரை நான் சிவப்பு எழுத்தில் அனுப்பியிருந்தேன். பதிலில் அது மற்ற வரிகளோடு ஒன்றாகக் கறுப்பில் நின்றது.

உடனே போன் செய்தேன். உங்கள் நாற்காலியில் இப்போது இருப்பவர் நல்ல மனிதர்.

"செவப்பா? இங்க எல்லாம் கறுப்பாத்தான் சார் இருக்கு. நான் ப்ளெயின் டெக்ஸ்ட்லதான் பதில் போடுவேன்," என்றார்.

பெயரை எடுக்கச் சொன்னேன். எடுத்துவிட்டார்.

செய்தியைத் தாளில் எழுதி, கவரில் போட்டு, விருதுநகர் பஸ் நிலையத்தில் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பிய காலத்து வழக்கம் இந்தச் சிவப்பு எழுத்து. நீல மையில் எழுதியது வாசகருக்கு; சிவப்பு மையில் எழுதியது டெஸ்க்குக்கு மட்டும். யார் சொன்னார், எந்தத் தெரு, பெயர் போடலாமா கூடாதா என்பதெல்லாம் சிவப்பில் இருக்கும். மின்னஞ்சல் வந்த பிறகும் நாம் அதை விடவில்லை. சிவப்புக்காகவே நான் நிறம் தாங்கும் எச்.டி.எம்.எல். முறையில் அனுப்புவேன். நீங்களோ நிறமே இல்லாத ப்ளெயின் டெக்ஸ்ட் கட்சி. பக்கம் கட்டுகிறவரின் கணினியில் எச்.டி.எம்.எல். மடல் வெறும் கட்டங்களாகத் தெரியும் என்பது ஒரு காரணம். இன்னொன்றை நீங்களே சொல்வீர்கள்: "கலர் கண்ணுக்கு அழகு. ஆனா இது நீங்க சொன்னது, இது நான் கேட்டதுன்னு பிரிச்சுக் காட்டுறது இந்தக் குறிதான்." ஒரு கூர்க்குறி இருந்தால் என் வரி, இரண்டு இருந்தால் அதற்கு முன்னால் நீங்கள் கேட்டது. சண்டைக்கு இடமில்லை என்பீர்கள்.

இப்படி ஒரே மடல் அந்த முறைக்கும் இந்த முறைக்குமாக மாறி மாறிப் போய்வரும். மாற்றுகிற பொத்தானை அழுத்தும் முன் சிவப்பு வரிகளைத் தேடி வெட்டிவிடுவது உங்கள் பழக்கம். "மாத்திட்டா அது எங்கன இருந்துச்சுன்னு ஆண்டவருக்கும் தெரியாது." சொல்லிவிட்டுச் சிரிப்பீர்கள்.

ஒரு நாள் மட்டும் நீங்கள் வெட்டவில்லை.

நாரணாபுரம் பக்கத்துப் பட்டாசு ஆலையில் வெடிவிபத்து நடந்த நாள் அது. சக்கரத்துக்குத் திரி வைக்கும் பெண் ஒருவர், நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் எத்தனை பேரை உட்கார வைத்திருந்தார்கள் என்று என்னிடம் சொன்னார். அவர் பெயரைச் சிவப்பில் எழுதினேன். டெஸ்க்கில் போன் மேல் போன். பக்கத்தை முடிக்கச் சொல்லி அவசரம். நீங்கள் முறையை மாற்றி அனுப்பிவிட்டீர்கள். கறுப்பாகிப்போன பெயர் மறுநாள் பேப்பரில் வந்தது. அதை இங்கேயும் நான் எழுதப்போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு, பைபிள் பையிலிருக்க, நீங்கள் பஸ் ஏறி வந்தீர்கள். இருவரும் அவர் வீட்டுக்குப் போனோம்.

"காப்பி குடிப்பீகளா? குடிச்சா அதுவும் நாளைக்குப் பேப்பர்ல வந்துருமா?" என்றார் அவர்.

நாம் திண்ணையில் உட்கார்ந்ததும் அவரே கேட்டார்:

"ஒங்க ரெண்டு பேர்ல என் பேரப் போட்டது யாரு?"

"அது வந்தும்மா, கம்ப்யூட்டர்ல ஒரு…" என்று தொடங்கினேன்.

"நாந்தான்," என்றீர்கள் நீங்கள்.

அவர் உங்களை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப நீங்களே ஒரு வேலையப் பாத்துக் குடுங்க. போர்மேன் கேட்டுக்குள்ள விடமாட்டேங்காரு. பக்கத்துக் கம்பெனிக்குப் போனா, பேப்பர்ல பேசுன பொம்பள நீதானன்னு கேக்காக."

திரும்பும் பஸ்ஸில் உங்கள்மேல் எனக்குக் கோபம். நடந்தது என்னவென்று ஒரு வார்த்தை விளக்கியிருக்கலாமே என்றேன். "வெளக்குனா அவளுக்கு வேல கெடச்சிருமா?" என்று கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்.

பத்திரிகைக்கு வருமுன் நீங்கள் சிவகாசியில் காலண்டர் அச்சகங்களுக்குப் பிழை திருத்தியவர். அந்தப் பழக்கத்தில் நாலு இடம் ஏறி இறங்கி, தேதித்தாள் அடுக்கும் வேலையை அவருக்கு வாங்கிக் கொடுத்தீர்கள். காலண்டர் சீசன் பொங்கலோடு முடிந்துவிடும். பிறகு நோட்டுப் புத்தக ஆர்டர் எங்கே வந்திருக்கிறது என்று விசாரித்து அங்கே சேர்த்துவிட வேண்டும். ஒவ்வொரு தை மாதமும் அதைச் செய்தீர்கள். இது எனக்கு நீங்கள் சொல்லித் தெரியவில்லை. உங்கள் அடக்க ஆராதனைக்கு வந்திருந்த அவர், கல்லறைத் தோட்டத்து வாசலில் வைத்துச் சொன்னார்.

இது நீங்கள் இல்லாத முதல் தை. போன வாரம் அவரிடமிருந்து போன் வந்தது. "சீசன் முடிஞ்சிருச்சு சார். இனிமே நான் யாருகிட்ட கேக்கணும்?"

என்னிடம் கேளுங்கள் என்றேன். நேற்று, உங்கள் பேச்சில் அதிகம் அடிபட்ட அச்சகத்துக்கே போனேன். முதலாளி உங்களை மறக்கவில்லை. "அவுக எங்கய்யாவையே திட்டுனவுக. ஒத்த எழுத்து தப்பாப் போனா விடமாட்டாக," என்று சொல்லிச் சிரித்தார். ஒரு பெண்ணுக்கு வேலைதானே, தாராளமாக வரச் சொல்லுங்கள் என்றார். டீ வந்தது. குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து சொன்னார்:

"நம்ம சாயத்தண்ணி ஓடைக்குப் போகுதுன்னு ஒருத்தன் மனு குடுத்திருக்கான். ஒங்ககிட்ட வந்தா கொஞ்சம் பாத்துக்கங்க."

"வந்தா விசாரிச்சு எழுதுவேன் அண்ணாச்சி."

"அப்பச் சரி. நோட்டு ஆர்டர் வரட்டும், பாப்போம்."

டெஸ்க்கில் இருந்த உங்களிடம் யாரும் இப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு அதுவும் நிச்சயமில்லை என்று பட்டது.

அங்கிருந்து நேரே நாரணாபுரத்தில் அந்தப் பெண் வீட்டுக்குப் போய், நடந்ததை மறைக்காமல் சொன்னேன். சோளம் புடைத்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தவில்லை.

"நீங்க எழுதாம இருக்கதுக்கு எனக்கு வேலையாக்கும்? அது வேண்டாம்." முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "ஆனா வேல வேணும் சார். அந்தக்கா நாலு எடம் ஏறி இறங்குவாக. நீங்க ஒரு கம்பெனியோட உக்காந்துட்டீகளே," என்றார்.

நாளை திருத்தங்கல் பக்கம் இரண்டு அச்சகங்களுக்குப் போகிறேன். வாசலில் நின்று என்ன சொல்லி வேலை கேட்பது என்று இன்னும் பிடிபடவில்லை. நீங்கள் என்ன சொல்லிக் கேட்டீர்கள் என்று ஒருநாளும் நான் உங்களிடம் கேட்டதில்லை.